நிரல் எழுதும் கருவிகளும் அனுபவத்தால் பெறும் திறனும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியிலுள்ள கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் முதலிய இடங்களிலும், இடுக்கி மலைநாட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களிலும் தமிழ் வழியே கல்வி பயிலும் பிள்ளைகள் உள்ளனர். இப்பிள்ளைகளின் பெயர் ஒரு பதிவேட்டில் தமிழிலும், மற்றொன்றில் மலையாளத்திலும், வேறொன்றில் ஆங்கிலத்திலும் எழுதப்படுதல் இப்பகுதியில் இயல்பானதே. உதவித்தொகைப் பட்டியலையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிடும்போது ஒரு பிள்ளையின் பெயர் பொருந்தாமற் போனால், அப்பிள்ளைக்கு வரவேண்டிய தொகை நின்றுவிடக்கூடும். இவ்வொப்பீட்டைக் கையால் செய்வது கடினம். கணினியிடம் ஒப்படைப்பது எளிது. அதற்கு வேண்டிய நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இந்நாளில் கிடைக்கின்றன.

கேரள மாநிலத்தில் 2024-ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில், பள்ளிக் கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ‘கைட்’ நிறுவனம் சுமார் 80,000 ஆசிரியர்களுக்கு இத்துறையில் பயிற்சியளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே, இக்கருவிகள் எவ்வாறு கற்கின்றன என்பதைவிட, நேற்றுக் கற்றதை இன்று எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கின்றன என்னும் வினா ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நேராகப் பயன்படுவதாகும்.

கருவியின் மறதி

நிரல் எழுத உதவும் கருவியின் உள்ளே இருப்பது மிகப் பெரிய மொழி மாதிரி ஒன்று. ஏராளமான எழுத்துகளைக் கொண்டு அதனைப் பயிற்றுவிக்கும்போது அதன் உள்ளெண்கள் நிர்ணயமாகின்றன. பயிற்சி முடிந்து பயனுக்கு வந்தபின் அவ்வெண்கள் அன்றாட உரையாடலால் மாறுவதில்லை. பயனாளர் ஒருவர் ஓர் அமர்வில் சொல்பவை அனைத்தும் அவ்வமர்வின் உரையாகவே கருவியின் முன் இருக்கின்றன. அமர்வு முடிந்ததும் அவ்வுரை அகன்றுவிடும். மறுநாள் அதே ஆசிரியர் அதே பட்டியலுடன் வந்தாலும், தனியே ஏற்பாடு செய்யாவிடில், கருவிக்கு அது முதல் நாளே.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கொழிஞ்சாம்பாறையில் ஓர் ஆசிரியர் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் நிரலைக் கேட்கிறார் என்று கொள்வோம். நிரல் ஓடுகிறது. ஆனால் ‘கொழிஞ்சாம்பாறை’ என்னும் ஊர்ப்பெயரே இரு பட்டியல்களிலும் பொருந்தவில்லை எனக் கணினி கூறுகிறது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஓர் எழுத்தும் வேறுபடவில்லை.

காரணம், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையில் உள்ளது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறையில், ‘கொ’ என்பதனை இருவகையாக எழுத இடமுண்டு. ‘க’வை அடுத்து, ஒகரக் குறியை ஒரே எண்ணாக இடுதல் ஒரு வகை, இதில் மொத்தம் இரண்டு எண்கள். ‘க’வை அடுத்து ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாக இடுதல் மற்றொரு வகை, இதில் மூன்று எண்கள். பழைய தட்டச்சு முறையைத் தழுவிய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகளாகவே இருந்தன. அத்தகைய கோப்புகளைப் பிற்காலத்தில் யூனிகோடுக்கு மாற்றியபோது இரண்டாம் வகை பல இடங்களில் புகுந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோடு முறையே வகுத்துள்ளது. அவற்றை ஒரே வடிவுக்குக் கொணரும் செய்கைக்கு இயல்பாக்கம் என்று பெயர். துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வகையை என்.எஃப்.சி. என்பர். பைதான் மொழியில் இதற்கான வசதி உடனேயே இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். எனினும் அந்த ஒரு வரிதான் தேவை என்று கண்டறிவதற்கு ஆசிரியரும் கருவியும் ஒரு முற்பகல் முழுவதும் செலவிட நேரலாம். முதலில் இடைவெளிகளை நீக்கிப் பார்ப்பார்கள். பிறகு எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். இறுதியில் எண்களை அச்சிட்டுப் பார்த்த பின்னரே உண்மை விளங்கும். அமர்வு முடிந்ததும் இவ்வளவு உழைப்பும் மறைந்துபோகிறது.

எதைச் சேமிப்பது?

அமர்வின் உரை முழுவதையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவ்வாறு செய்வதால் பயன் குறைவு. அதில் தவறான முயற்சிகளே மிகுதி. கருவி ஒரே சமயத்தில் கருத்திற்கொள்ளக்கூடிய உரையின் அளவுக்கும் எல்லை உண்டு. பத்து அமர்வுகளின் உரையைச் சுமத்தினால் கைப்பணிக்கு இடமிராது. அன்றியும், தோல்வியுற்ற முயற்சியையே கருவி மீண்டும் பின்பற்றிவிடலாம்.

முடிவை மட்டும் சேமிப்பதும் போதாது. “கொழிஞ்சாம்பாறை என்னும் சொல்லில் ஒற்றைக் கொம்பும் காலும் தனியே வந்தால் அவற்றைச் சேர்த்துவிடுக” என்று ஒரு குறிப்பு எழுதி வைத்ததாகக் கொள்வோம். அது கொழிஞ்சாம்பாறைக்குப் பொருந்தும். அடுத்த மாதம் உடும்பன்சோலைப் பட்டியல் வருகிறது. அங்கே ‘சோ’ என்னும் எழுத்தில் வருவது இரட்டைக் கொம்பும் காலும், குறிப்பு உதவாது. நோய் ஒன்றே, ஊர்தான் வேறு. குறிப்பிலிருந்த ஊர்ப்பெயரையும் குறிப்பிட்ட எழுத்தையும் நீக்கி, “தமிழ்ச் சொற்களை ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் ஒரே இயல்பு வடிவுக்குக் கொணர்க” என்று பொதுவாக்கினால்தான் பாலக்காட்டில் கற்றது இடுக்கியிலும் பயன்படும். ஒரு நிகழ்ச்சியின் நினைவு, திறனாக மாறுவது இந்த இடத்திலேயே.

இக்கருத்து புதியதன்று. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ‘ஷேக்கி’ என்னும் தானியங்கி ஊர்தி அறைகளுக்கிடையே சென்று பெட்டிகளைத் தள்ளியது. அதன் திட்டமிடும் நிரலை விரிவாக்கி, ஃபைக்ஸ், ஹார்ட், நில்சன் ஆகிய மூவர், இடுக்கி மாவட்டம் உருவான அதே 1972-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருமுறை வெற்றி பெற்ற திட்டத்தில் இந்தப் பெட்டி, அந்த அறை என்று வரும் குறிப்பிட்ட பெயர்களை நீக்கி, ‘ஏதேனும் ஒரு பெட்டி’, ‘ஏதேனும் ஓர் அறை’ என்று காலியிடங்களாக மாற்றி, அத்திட்டத்தைப் பின்னொரு நாள் ஒரே படியாகப் பயன்படுத்தும் வழியை அதில் விளக்கினர்.

நிரல் எழுதும் கருவிக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி, 1973-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஜெரால்டு சஸ்மன் தம் ஆய்வுப் பட்டத்திற்காக அமைத்த ‘ஹேக்கர்’. கட்டைகளை ஒன்றன்மீது ஒன்று அடுக்குவதற்கு அது தானே நிரல் எழுதும். அதனை ஓட்டிப் பார்க்கும். பிழை நேர்ந்தால் பிழை எவ்வகையினது என்று ஆராயும். எடுத்துக்காட்டாக, ஒரு படியைச் செய்வதற்காக, முன்னமே முடிந்த மற்றொரு படியைக் கலைத்துவிடுதல் ஒருவகைப் பிழை. அப்பிழையைப் பொதுவாக்கி ஒரு ‘விமரிசகன்’ வடிவில் சேமித்துவைக்கும். அடுத்த முறை புதிய நிரலை எழுதும்போது, ஓட்டுவதற்கு முன்னரே அந்த விமரிசகன் குறுக்கிட்டுத் திருத்தும். அது கையாண்டது சில கட்டைகளையே. ஆயினும் பிழையே பாடமாகும் என்னும் கருத்தை அந்நிரல் தெளிவாகவே செயற்படுத்திக் காட்டியது. இன்றைய விளம்பரங்களில் புதுமையெனப் பேசப்படும் பலவற்றை அதில் முன்னமே காணலாம்.

எல்லைக் கல்

மேற்கூறிய இயல்பாக்கக் குறிப்பைக் கருவி கற்றுவிட்டது என்க. இப்போது பட்டியலில் மலையாளப் பத்தியும் ஒன்று வருகிறது. எல்லைப் பகுதியில் இது தவிர்க்க இயலாதது. சிற்றூர், மூணாறு, மறையூர் ஆகிய மூன்று பெயர்களும் மலையாளத்தில் ‘ர்’ என்னும் ஒலியில் முடிகின்றன. அதனைச் சில்லு எழுத்து என்பர். 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் சில்லு எழுத்துகளுக்குத் தனி எண்கள் வழங்கப்பட்டன. அதற்கு முன்னர், மெய்யெழுத்து, அதன் மேல் சந்திரக்கலை, அதன் பின் கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக் குறி என மூன்றாக அவற்றை எழுதினர். பழைய கோப்புகளில் அவ்வடிவமே நிலைத்திருக்கிறது.

பழையதும் புதியதும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் தமிழ் ஒகரத்தின் இரு வடிவங்களைப்போல் அவற்றை யூனிகோடு சமமென வகுக்கவில்லை. ஆகையால் என்.எஃப்.சி. இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது. தமிழில் பழுதின்றி நடந்த முறை இங்கே பிழை எதனையும் அறிவிக்காமலே தோற்கும். மறையூர்ப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை என்று நிரல் கூறிவிடும்.

இதைவிடக் கேடான நிலையும் உண்டு. முன்னொரு அமர்வில் தமிழ்ப் பட்டியலைத் தூய்மை செய்தபோது, “கண்ணுக்குத் தெரியாத குறிகளையெல்லாம் நீக்கிவிடுக” என்று கருவி கற்றிருக்கக்கூடும். தமிழில் இத்தகைய குறிகள் பெரும்பாலும் தேவையற்றவை, நீக்குவதால் நன்மையே. அதே வழக்கத்தைப் பழைய மலையாளக் கோப்பில் கையாண்டால் இணைப்புக் குறி போய்விடும். சில்லு எழுத்து சிதைந்து, மெய்யும் சந்திரக்கலையுமாக நிற்கும். பெயர் பொருந்தாததோடு மூலமும் கெட்டுப்போகும்.

தமிழுக்குள்ளேயும் இதனையொத்த கண்ணி ஒன்றுண்டு. ‘கௌரி’ என்னும் பெயரைப் பலர் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரி’ என்றே தட்டுகின்றனர். ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரம்போல் தோன்றுவதே காரணம். இயல்பாக்கம் இதனைத் திருத்தாது; திருத்தாமையே முறையும் ஆகும். ஏனெனில் ‘கெள’ என்பது தமிழில் உண்மையாகவே வரக்கூடிய தொடர். “கெள எங்கு வந்தாலும் கௌ ஆக்குக” என்று கற்ற கருவி, கெளுத்தி மீனின் பெயரைப் படிக்க முடியாதவாறு உடைத்துவிடும். மீன்வளத் துறைப் பட்டியலொன்றில் அந்த நிரல் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, ஒரு திறன் குறிப்பில் ‘எப்போது செய்க’ என்பதோடு ‘எங்கே செய்யற்க’ என்பதும் இருத்தல் வேண்டும். நல்லதொரு குறிப்பு ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

“பயன்: தமிழில் எழுதிய பெயர்களை இரு பட்டியல்களில் ஒப்பிடுதல். செய்முறை: ஒப்பிடுவதற்கென நகல் எடுத்து, நகலை என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றுக, மூலத்தைத் தொடற்க. எல்லை: மலையாளப் பத்திக்கு இது போதாது, சில்லு எழுத்துகளுக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். கெள, கௌ ஐயத்தைத் தானே தீர்க்கற்க. பட்டியலிட்டு மனிதரிடம் காட்டுக. சோதனை: இருவகையாக எழுதிய கொழிஞ்சாம்பாறை பொருந்த வேண்டும்; இருவகையாக எழுதிய உடும்பன்சோலை பொருந்த வேண்டும்; கெளுத்தி மாறாதிருக்க வேண்டும்.”

இக்குறிப்பின் உயிர் அதன் கடைசி வாக்கியத்தில் உள்ளது. சோதனைச் சொற்கள் உடன் இருப்பதால், குறிப்பைப் பின்னர் யார் திருத்தினாலும், திருத்தம் சரியானதா என்று கருவியே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரியென்று தீர்மானிப்பவர் யார்?

2023-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனத்தினரும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ‘வாயேஜர்’ என்னும் கருவியை வெளியிட்டனர். மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டின் உலகில் அது தானே உலவி, மரம் வெட்டுதல், கருவி செய்தல் போன்ற காரியங்களுக்கு நிரல் எழுதிக்கொள்ளும். வெற்றி பெற்ற நிரலை ஒரு சிறு விளக்கத்துடன் திறன் நூலகத்தில் வைக்கும். புதிய பணி வந்தால் விளக்கங்களைத் தேடி ஏற்ற நிரலை எடுத்து இணைத்துக்கொள்ளும். அதற்கு அடிப்படையான ஜி.பி.டி.-4 மாதிரியின் உள்ளெண்களில் ஒன்றும் மாற்றப்படவில்லை. அவ்வாறிருந்தும், முந்தைய முறைகளைவிட 3.3 மடங்கு அதிகமான வகைப் பொருள்களை அது ஈட்டியதென ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர்.

விளையாட்டில் ஒரு வசதி உண்டு. மரம் வெட்டப்பட்டதா, இல்லையா என்பதை அவ்வுலகமே காட்டிவிடும். பெயர்ப் பட்டியலில் அவ்வாறன்று. நிரல் பிழையின்றி ஓடி முடிந்தது என்பதால் விடை சரியென்று ஆகாது. பயனாளர் “நன்று” என்று சொல்லிவிட்டுச் சென்றதும் சான்றாகாது. அவர் அவசரத்தில் இருந்திருக்கலாம். கருவி தன் வேலையைத் தானே மெச்சி எழுதும் குறிப்போ சான்றுகளில் மிக மெலிந்தது. ஆசிரியர் எடுத்துச் சொல்லும் திருத்தமே உறுதியான பாடம். “இந்த மூன்று பெயர்களும் பொருந்தியிருக்க வேண்டும், பொருந்தவில்லை” என்று அவர் சுட்டுவாரானால், சோதனைச் சொற்கள் அப்போதே கிடைத்துவிடுகின்றன. “சரியாக வரவில்லை, மறுபடி செய்” என்று மட்டும் சொல்வதால் கருவி கற்பது சிறிதே.

களப்பணியாளருக்கும் இது பொருந்தும். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுதல் இந்திய வானிலைத் துறையின் வழக்கம். பதிவேட்டில் ஒரு நாள் வெற்றிடமாயிருந்தால் அன்று அளவு பார்க்கப்படவில்லை என்பதே பொருள், மழையில்லை என்பதன்று. வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு கூட்டிய நிரலைக் களப்பணியாளர் திருத்துகிறார். கருவி, “வெற்றிடம் சுழியமன்று” எனக் கற்கிறது. மறுவாரம் ஏலக்காய்க் கொள்முதல் கணக்கு வருகிறது. அதில் சரக்கு வராத நாளை எழுதாமல் விடுவது கணக்கரின் வழக்கமாயின் அங்கே வெற்றிடம் சுழியமேதான். வெற்றிடத்தின் பொருள் பதிவேட்டில் இல்லை. அதனை எழுதும் மனிதரின் வழக்கத்தில் உள்ளது. இதனைக் கருவி கேட்டறிய வேண்டுமே தவிர, முன்னைய குறிப்பிலிருந்து ஊகிக்கலாகாது.

குறிப்புகள் பெருகும்போது

திறன் குறிப்புகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்மை என்று எண்ணுதல் தவறு. 1988-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மின்டன் இதனை அளந்து காட்டினார். கற்ற விதி ஒவ்வொன்றும் இப்பணிக்குப் பொருந்துமா என்று தேடிப் பார்ப்பதற்கே நேரம் செலவாகிறது. அச்செலவு விதி தரும் ஆதாயத்தை மிஞ்சினால், கற்ற இயந்திரம் கல்லாததைவிட மெதுவாகிவிடும். ஆதலால் பயன்படாத விதிகளைக் கழித்தல், கற்றலின் ஒரு பகுதியே என்று அவர் கொண்டார்.

இக்காலக் கருவிகள் இச்சுமையை வேறொரு வழியிலும் குறைக்கின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டில், திறன் ஒவ்வொன்றும் ஒரு கோப்புறை. அதனுள் சாதாரண உரையாக எழுதிய ஒரு குறிப்பும், வேண்டுமாயின் துணை நிரல்களும் இருக்கும். கருவி தொடக்கத்தில் ஒவ்வொரு திறனின் பெயரையும் ஓரிரு வரி விளக்கத்தையும் மட்டும் படிக்கிறது. பணிக்குத் தேவையென்று கண்டால்தான் உள்ளே இருப்பதைத் திறக்கிறது. எனவே அந்த ஓரிரு வரியில் “பட்டியல் வேலைகள்” என்று பொதுப்பட எழுதினால் வேண்டாத இடத்திலெல்லாம் திறக்கப்படும். “கொழிஞ்சாம்பாறைப் பட்டியல்” என்று குறுக்கினால் வேண்டிய இடத்திலும் திறக்கப்படாது.

குறிப்பு சாதாரண உரையாக இருப்பதில் ஆசிரியருக்கு ஒரு நன்மையுண்டு: அதனைத் திறந்து படிக்கலாம், அடிக்கலாம், திருத்தலாம். மாதிரியின் உள்ளெண்களை எவரும் அவ்வாறு படித்துவிட இயலாது. படிக்கும்போது முதலில் நோக்க வேண்டியது, பிள்ளைகளின் உண்மைப் பெயரோ, பிறந்த தேதியோ, தொலைபேசி எண்ணோ குறிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. அமர்விலிருந்து குறிப்பைப் பிரித்தெடுக்கும்போது இவை எளிதில் உடன் வந்துவிடும். குறிப்பை வேறொரு பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகளின் விவரமும் உடன் செல்லும். சோதனைக்கு ஊர்ப்பெயரும் மீன்பெயருமே போதும். அடுத்து நோக்க வேண்டியது, குறிப்பு எங்கிருந்து வந்தது என்பது. அயலார் தந்த கோப்பிலுள்ள ஒரு வாக்கியத்தைக் கருவி கட்டளையென மயங்கித் திறனாகச் சேமித்துவிட்டால், அத்தீங்கு அமர்வோடு முடியாமல் பின்வரும் ஒவ்வோர் அமர்விலும் தொடரும். ஆகையால் புதிய குறிப்பு எதுவும் ஒரு மனிதர் படித்து ஒப்பியபின்னரே நூலகத்தில் சேருமாறு ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம்.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி

இப்பாடத்தைக் கணினி இன்றியே மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கொம்பு, கால், உயிர்மெய் ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதுக. ஒகரக் குறியை முழுதாக எழுதிய அட்டையும் இருக்கட்டும். கொழிஞ்சாம்பாறை, உடும்பன்சோலை, கோமதி, கௌரி ஆகிய நான்கு சொற்களை இருவகையாக அடுக்கிக் காட்டி, அட்டைகளின் எண்ணிக்கையைப் பிள்ளைகளைக் கொண்டே எண்ணச் செய்க. பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, முதற்குழுவினர் அட்டைகளை ஒப்பிடும் விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுக. இரண்டாம் குழுவினர் அவ்விதியை, தம் சொந்த அறிவைச் சிறிதும் கலவாமல், எழுத்துக்கு எழுத்து அப்படியே நிறைவேற்றுக. நான்கு சொற்களும் தேறியபின், ஆசிரியர் ஐந்தாவதாகக் கெளுத்தி என்னும் சொல்லை மேசைமீது வைத்து, விதியில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று முதற்குழுவினரைக் கேட்க வேண்டும்.